ஒரு நடுவேனில் இரவுக் கனவு (2006 நாடகம்)

ஒரு நடுவேனில் இரவுக் கனவு என்பது ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகத்தின் பன்மொழி மேடையாக்கம் ஆகும். பிரிட்டிஷ் கவுன்சில் ஆதரவில், இந்திய, இலங்கைக் கலைஞர்களைக் கொண்டு டிம் சப்பிள் இதனை இயக்கினார். 2006-ஆம் ஆண்டு சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களிலும், பின்னர் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்போர்டிலும் அரங்கேறியது.

மொழிகள்

வசனங்களில் ஏறத்தாழப் பாதி ஆங்கிலத்தில் அமைந்தது. எஞ்சியவை தமிழ், மலையாளம், சிங்களம், இந்தி, வங்காளம், மராத்தி ஆகிய மொழிகளில் பேசப்பட்டன. சிறிதளவு சமசுகிருதமும் இடம்பெற்றது.

பார்வையாளர் வரவேற்பு

சென்னைக்கு ஷேக்ஸ்பியர் புதியவர் அல்லர். பம்மல் சம்பந்த முதலியார் 'விரும்பிய விதமே', 'வாணிபுர வணிகன்' ஆகியவற்றை முழுமையாகத் தமிழில் தழுவி எழுதியிருந்தார். சப்பிளின் நாடகமோ எந்த ஊரினருக்கும் முழுமையாகப் புரியாதவாறு அமைந்தது. தமிழும் ஆங்கிலமும் அறிந்த சென்னைப் பார்வையாளர், ஆங்கிலம் மட்டும் அறிந்த ஸ்ட்ராட்போர்டுப் பார்வையாளரைக் காட்டிலும் மிகுதியான வசனங்களை விளங்கிக்கொள்ள இயன்றது. எஞ்சியதை நடிப்பும் இசையும் உணர்த்தின. காகிதச் சுவரைக் கிழித்துக்கொண்டு தேவதைகள் வெளிப்படும் காட்சியும் கயிற்று வித்தைகளும் பாராட்டுப் பெற்றன. மூலத்தின் கவிநயம் பல மொழிகளிடையே குறைந்துவிடுகிறது என்ற விமரிசனமும் எழுந்தது. எனினும் 2007-இல் இலண்டனிலும், 2008-இல் கனடாவின் டொராண்டோவிலும் இந்நாடகம் மேடையேறியது.