குருதியின் அழற்சிக் குறியீடும் பெருங்குடல் கட்டியும்: ஒரு வரலாற்று நோக்கு

நாட்பட்ட அழற்சி உள்ள இடத்தில் புற்று தோன்றுகிறது என்னும் கருத்தை 1863இல் செருமானிய நோய்க்குறியியலாளர் ருடால்ஃப் விர்ச்சோ முன்வைத்தார். கட்டித் திசுக்களில் அவர் கண்ட வெள்ளணுக்களே அதற்கு அடிப்படை. குருதியில் அழற்சியை அளக்கும் வழி அன்று இல்லை.

அடினோமா எனப்படும் சுரப்பித்திசுக் கட்டி பெருங்குடல் புற்றின் முன்நிலை என்பதை 1928இல் லண்டன் புனித மார்க் மருத்துவமனையின் லாக்கார்ட்-மம்மரியும் டியூக்சும் எடுத்துரைத்தனர். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட்டும் ஃபிரான்சிசும் நிமோனியா நோயாளரின் குருதிநீரில் சி-எதிர்வினைப் புரதத்தைக் கண்டறிந்தனர். இவ்விரு ஆய்வுகளும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தன.

2003இல் வெளியான ஆய்வுகளில், அழற்சியைத் தணிக்கும் ஆஸ்பிரினை உட்கொண்டோரிடம் அடினோமா மீண்டும் தோன்றுவது குறைந்தது. மறு ஆண்டு வெளிவந்த மேரிலாந்து ஆய்வு, பின்னாளில் பெருங்குடல் புற்றுக்கு ஆளானோரின் சேமித்த குருதியில் அப்புரதம் முன்னரே மிகுந்திருந்ததைக் காட்டியது.

எனினும் நிமோனியாவிலும் மூட்டழற்சியிலும் உயரும் இப்புரதம் அழற்சியின் இருப்பிடத்தைச் சுட்டுவதில்லை. அது உயர்ந்திருப்பதால் கட்டி உண்டென்றோ, இயல்பாயிருப்பதால் இல்லையென்றோ துணிதல் பிழை. கட்டியைக் கண்டு அகற்றப் பெருங்குடல் அகநோக்கியே இன்றும் வேண்டப்படுகிறது.