சின்ன ரயில், பெரிய தூரம்

இன்றைக்கு ஒரு தீ விபத்தில் இருந்து ஆரம்பிக்கலாம்.

1973 ஜனவரி. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம், மான்டெரே என்கிற கடற்கரை ஊர். அங்கே ஒரு வீட்டின் அடித்தளத்தில் தீப்பிடிக்கிறது. உள்ளே இருந்தது என்ன தெரியுமா? மலைகள், பள்ளத்தாக்குகள், மரப்பாலங்கள், ஸ்டேஷன்கள், குட்டிக் குட்டி ஊர்கள். எல்லாமே நிஜத்தில் 87ல் ஒரு பங்கு அளவு. ஒரு ஆள் நின்றால் 2 சென்டிமீட்டர் உயரம்தான் இருப்பார். தரையில் இருந்து கூரை வரைக்கும் எழும்பிய அந்த உலகம் முழுக்க ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

இருபது வருஷம்போல அதைக் கட்டிக்கொண்டே இருந்தவர் ஜான் ஆலன். அதே மாதம் 6ஆம் தேதிதான் அவர் மாரடைப்பில் இறந்திருந்தார். அவர் போன சில நாட்களிலேயே அவருடைய ரயிலும் பெரும்பகுதி எரிந்துபோனது.

சரி, ஒரு பெரிய மனுஷனின் பொம்மை ரயில் எரிந்துபோனதை இத்தனை வருஷம் கழித்து நாம் ஏன் பேசணும்? ஏனென்றால், "நிஜம் மாதிரி இருக்கு" என்று நாம் சொல்கிறோமே, அது எதனால் என்கிற கேள்விக்கு அவர் ஒரு நல்ல பதில் வைத்திருந்தார்.

அதற்கு முன்னால் ரயில் பொம்மை என்றால் பளபளப்பு. தகர உடம்பு, மினுமினுக்கும் பெயின்ட், கடையில் வாங்கின அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே. ஆனால் நிஜ ரயில் அப்படியா இருக்கும்? நிலக்கரிப் புகை, துரு, எண்ணெய்க் கறை, வெயிலில் வெளுத்த மரப்பலகை. ஆலன் வேண்டுமென்றே தன் ரயிலை அழுக்காக்கினார். தண்ணியாகக் கரைத்த கருப்புப் பெயின்டைத் தடவினால் அது இடுக்குகளில் போய்த் தங்கும்; பல வருஷத்துப் புகை படிந்த மாதிரி தெரியும். மாடல் ரயில் ஆட்கள் இதற்கு 'வெதரிங்' என்று பெயர் சொல்வார்கள். அது பரவலானதில் ஆலனுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் தொழிலால் புகைப்படக்காரர். அதனால் கண்ணை எப்படி ஏமாற்றுவது என்று நன்றாகவே தெரியும். முன்னால் இருக்கிற வீட்டைவிடப் பின்னால் இருக்கிற வீட்டைச் சின்னதாகச் செய்வார். உடனே அது ரொம்ப தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். சில இடங்களில் கண்ணாடியை ஒளித்து வைத்து, முடிந்துபோகிற தெருவை நீளமாக்கிக் காட்டுவார். பெரிய ஆளாச்சே, ரொம்ப சீரியஸாக இருந்திருப்பார் என்று நினைக்காதீர்கள். ரயில் பெட்டிகளைத் தள்ளுவதற்கு எம்மா என்று ஒரு டைனோசரை வைத்திருந்தார்! ரயில்வேயின் பெயரே ஒரு ஜோக். ஆங்கிலத்தில் எழுதினால் கம்பீரமாக இருக்கும். வாய்விட்டுச் சொன்னால் 'கோரி அண்ட் டிஃபீட்டட்' என்று கேட்கும். ரத்தம் வழிய, தோற்றுப்போய் என்று அர்த்தம்.

ஆலன் கட்டியது கற்பனை ஊர். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒருவர் நேர் எதிர்த் திசையில் போனார். அவர் பெயர் ராய் இங்லண்ட், ஆனால் பிறந்த நாடு ஆஸ்திரேலியா. 1925ல் இங்கிலாந்து வந்தவர், ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே இருக்கிற கிராமங்களின் அழகில் மயங்கிவிட்டார். ஆனால் அவர் பார்க்கப் பார்க்கவே அந்தக் கிராமங்கள் மாறிக்கொண்டு இருந்தன. பழைய வைக்கோல் கூரைகள் போய், ஆஸ்பெஸ்டாஸ் வந்துகொண்டு இருந்தது. தடுக்க அவரால் முடியாது. அதனால் அந்த வீடுகளை அளந்து, குறித்து, 76ல் ஒரு பங்காகச் செய்துவைக்க முடிவு பண்ணினார். அந்த முயற்சிதான் 1954ல் லாங் விட்டனம் கிராமத்தில் பென்டன் அருங்காட்சியகமாக ஆனது. அங்கே ஒரு வீட்டைச் செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். ரயில் ஓடுகிறது, ஆனால் முக்கியம் அந்த ஊர்தான்.

இப்போது சத்தத்துக்கு வருவோம். கண்ணுக்கு இவ்வளவு நிஜமாகச் செய்தவர்களுக்கும் காது ரொம்ப நாள் பிடிகொடுக்கவில்லை.

1935லேயே லயனல் கம்பெனி விசில் அடிக்கிற பொம்மை ரயிலை விற்றது. உள்ளே ஒரு குட்டி மோட்டார், அது ஒரு விசிறியைச் சுற்றும், காற்று குழாய்க்குள் போய் ஊதும். அவ்வளவுதான். ஆனால் நீராவி எஞ்சினின் உயிரே அந்த 'சுக்கு புக்கு'தானே? இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை நீராவியை வெளியே தள்ளும். அதனால் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு 'சுக்'. இந்தக் கணக்கு தப்பினால் கண் ஒன்று சொல்லும், காது வேறு ஒன்று சொல்லும். மாயம் கலைந்துவிடும்.

1970களில் சத்தத்தை வெளியே ஒரு பெட்டியில் உருவாக்கி, தண்டவாளம் வழியாகவே எஞ்சினில் இருக்கிற ஸ்பீக்கருக்கு அனுப்பினார்கள். 1990களில் டிஜிட்டல் கட்டுப்பாடு வந்தது. அதற்குப் பிறகு எஞ்சினுக்குள் ஒரு சின்ன சிப். அதில் நிஜ எஞ்சினில் பதிவு செய்த ஒலி.

இங்கேதான் கதை ஆலனிடம் திரும்பி வருகிறது. சத்தம் கிடைத்ததும் எல்லோரும் செய்கிற முதல் தப்பு, வால்யூமை முழுசாக வைப்பது. யோசித்துப் பாருங்கள். 87ல் ஒரு பங்கு ரயிலுக்கு 1 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். அந்த ரயிலின் கணக்கில் நீங்கள் நிற்பது 87 மீட்டர் தள்ளி! அங்கிருந்து கேட்டால் சத்தம் மெல்லிசாகத்தானே வரும்? அதனால் அனுபவசாலிகள் சத்தத்தைக் குறைப்பார்கள், ஆலன் பளபளப்பைக் குறைத்த மாதிரி. பின்னால் இருக்கிற வீடு சின்னதாக வேண்டும், ரயிலின் சத்தம் தணிவாக வேண்டும். தூரத்தை மறைக்காமல் காட்டினால்தான் நிஜம் வரும்.

அந்தத் தூரம் இடத்தில் மட்டும் இல்லை, காலத்திலும்தான். பிரிட்டிஷ் ரயில்வேயின் பெரிய பாதைகளில் 1968 ஆகஸ்டில் நீராவி எஞ்சின் ஓட்டம் முடிந்துபோனது. அதற்கு முன்பே சில பேர் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய், ராத்திரி நேரங்களில் தண்டவாளத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு பண்ணினார்கள். அப்போது பார்த்தவர்களுக்கு அது கிறுக்குத்தனம். இன்றைக்கு அந்தச் சத்தம் நம்மிடம் இருப்பதற்கு அவர்கள்தான் காரணம்.

ஆலனின் ரயில் எரிந்தாலும், அவர் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. அதைப் பார்த்துத்தான் பின்னால் வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். ராய் இங்லண்ட் 1995ல் இறந்தார். அவருடைய கிராமத்தை இன்னமும் தன்னார்வலர்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முடிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு வேலை. உங்க தெருவில் சீக்கிரம் காணாமப் போகப்போற சத்தம் எது? சாணை பிடிக்கிறவர் குரலா, பழைய தையல் மெஷினா, வீட்டு இரும்பு கேட்டா? ஃபோனை எடுத்து ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க. ரொம்ப கிட்ட போகாதீங்க. நீங்க வழக்கமா எங்கே இருந்து கேட்பீங்களோ, அங்கே இருந்தே பண்ணுங்க.

அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.