கல்லுடைத்த கைகளும் கல்லுடைக்கும் பொறியும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் மாளிகைகளையும் ஆலயங்களையும் முதலில் கூறுவர். அவற்றின் அடியில் கிடக்கும் உடைகல்லைப் பற்றிக் கூறுவோர் அரியர். ஆயினும் சாலையும் பாலமும் துறைமுகமும் பாறையை வேண்டிய அளவில் உடைக்கும் ஆற்றலைக் கொண்டே எழுந்தன. அவ்வாற்றல் மனிதனின் கையிலிருந்து பொறியின் வாய்க்கு மாறிய கதை, உழைப்பின் வரலாற்றில் தனியொரு பகுதியாகும்.

சுரங்கத் தொழிலில்தான் பொறி முந்திற்று. உலோகத்தைப் பிரித்தெடுக்கத் தாதுக்கல்லைத் தூளாக்க வேண்டும். தமிழர் இல்லங்களில் உரலும் உலக்கையும் செய்த வேலையை, ஐரோப்பியச் சுரங்கங்களில் நீர்ச்சக்கரத்தால் இயங்கிய இரும்புப் பூணிட்ட மர உலக்கைகள் செய்தன. ஜெர்மானிய அறிஞர் அகிரிகோலா எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1556ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் இவற்றைப் படங்களுடன் விளக்குகிறது.

சாலைக்கு வேண்டியதோ தூளன்று; ஓரளவான சரளைக்கல். கோணங்களுடைய சிறு கற்களை அடுக்கடுக்காகப் பரப்பினால், செல்லும் வண்டிகளின் பாரமே அவற்றைப் பிணைத்து இறுக்கும் என்பதை ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் மெக்காடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைநாட்டினார். முறை எளிது, கல்லை உடைப்பதோ கடிது. அவ்வேலை பெரும்பாலும் வறியோர் மீதும் சிறைப்பட்டோர் மீதுமே விழுந்தது.

சிங்கப்பூரில் அச்சுமையைத் தாங்கியோருள் இந்தியக் கைதிகள் முதன்மையானோர். 1824ஆம் ஆண்டின் ஆங்கில-டச்சு உடன்படிக்கையால் பென்கூலன் கைமாறவே, அங்கிருந்த கைதிகள் 1825இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். பின்னரும் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து பலர் வந்து சேர்ந்தனர். 1873இல் அம்முறை ஒழியும்வரை அவர்கள் சாலை அமைத்தனர், கல் உடைத்தனர். 1862இல் வழிபாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ தேவாலயமும் அவர்கள் உழைப்பில் எழுந்ததே.

இதே காலத்தில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் எலி விட்னி பிளேக் என்பவர் ஒரு சாலைப் பணியை மேற்பார்க்க நேர்ந்தது. கல்லுடைக்கக் கைச்சுத்தியலன்றி வேறு வழியின்மை அவரைச் சிந்திக்க வைத்தது. பல்லாண்டு முயன்று, 1858இல் தாடைப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் இரண்டு இரும்புத் தாடைகள் உண்டு. ஒன்று அசையாது நிற்க, மற்றொன்று நெருங்கியும் விலகியும் இயங்கும். மேலே விரிந்தும் கீழே குறுகியும் உள்ள அவ்வாயில் இட்ட கல், நொறுங்கி நொறுங்கிக் கீழிறங்கும். அடியிலுள்ள இடைவெளியே கல்லின் அளவை உறுதிசெய்யும். 1881இல் கேட்ஸ் என்பவர் காப்புரிமை பெற்ற சுழல்நொறுக்கியோ, ஆட்டுக்கல்லில் குழவி சுழல்வதை ஒத்தது. கட்டுமானத்திற்குச் சரளை தரவும், சுரங்கத்தில் தாதுக்கல்லை அரைவைக்கு முன் சிறிதாக்கவும் இவ்விரு வகைகளும் இன்றளவும் பயன்படுகின்றன.

சிங்கப்பூரில் புக்கிட் தீமாவும் புலாவ் உபின் தீவும் கருங்கல்லை ஈந்தன. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் அடுக்குமாடி வீடுகள் பெருகின. கான்கிரீட்டுக்கு வேண்டிய சரளையின் தேவையும் பெருகிற்று. உபினின் கடைசிக் கற்சுரங்கம் 1999இல் மூடப்பட்டது. வெட்டிய பள்ளங்கள் இன்று நீர் நிறைந்த ஏரிகளாய்க் காட்சி தருகின்றன.

பொறி வந்ததால் துன்பம் முற்றும் நீங்கிவிடவில்லை. நொறுங்கும் கருங்கல்லிலிருந்து எழும் நுண்தூளில் சிலிக்கா உண்டு. அதை நெடுநாள் சுவாசித்தோரின் நுரையீரல் தழும்பேறி இறுகும். அந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. நீர் தெளித்துத் தூளை அடக்குவதும், பொறியை மூடி இயக்குவதும், சுவாசக் கவசம் அணிவதும் அதனாலேயே இன்றியமையாதனவாயின. சுத்தியல் கையை வருத்தியது. காவலற்ற பொறி மூச்சை வருத்தியது.

பொறியைப் படைத்தவர் பெயர் காப்புரிமைப் பதிவில் நிலைத்திருக்கிறது. கல்லுடைத்த கைதிகளின் பெயர்களைச் சாலைகள் சொல்வதில்லை. எனினும் அச்சாலைகளின் அடியில் அவர்களுடைய உழைப்பு உறைந்து கிடக்கிறது. வரலாறு கற்போர் இவ்விரண்டையும் ஒருங்கே நினைத்தல் கடன்.