மறுக்க முடியாத விரல்

1858-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதி. வங்காளத்தில் பாகீரதி ஆற்றங்கரையிலுள்ள ஜங்கிபூரில் ஒரு சாலை ஒப்பந்தம் முடிவாகிக்கொண்டிருந்தது. சாலையில் பரப்புவதற்கு 2,000 மணங்கு சுக்கான்கல் தருவதாக ராஜ்யதர் கோனாய் என்னும் ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்தார். எழுதி முடித்து, வங்காள வழக்கப்படி தாளின் மேல்மூலையில் கையொப்பமிடப் போன அவரை, எதிரில் இருந்த 25 வயது ஆங்கில அதிகாரி தடுத்தார். அலுவலக முத்திரைக்குப் பயன்படும் எண்ணெய் மையை அவருடைய வலது உள்ளங்கையிலும் விரல்களிலும் பூசி, ஒப்பந்தத் தாளின் பின்புறத்தில் அழுத்திப் பதியவைத்தார். அந்த அதிகாரி, யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வானியலாளரின் பேரனான வில்லியம் ஹெர்ஷல். நவீன அரசு நிர்வாகத்தில் விரல்ரேகையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இந்தத் தாளிலிருந்தே தொடங்குகின்றனர்.

இந்த நிகழ்ச்சியில் அடிக்கடி தவறவிடப்படும் செய்தி ஒன்று உண்டு. கோனாய் எழுத்தறிந்தவர். ஒப்பந்தத்தின் வாசகமே அவர் கைப்பட எழுதியது. எழுதத் தெரியாதவருக்கான மாற்றாக அந்தக் கைப்பதிவு வாங்கப்படவில்லை. இது தம் கையெழுத்து அன்று எனப் பின்னாளில் கோனாய் மறுக்கக்கூடும் என்ற ஐயமே அதற்குக் காரணம். அவ்வாறு மறுக்கும் எண்ணமே அவருக்கு எழாதபடி அச்சுறுத்துவதுதான் தமது நோக்கமாக இருந்தது என்று ஹெர்ஷலே முதுமையில் எழுதிய நூலில் ஒப்புக்கொள்கிறார். ஒவ்வொரு மனிதனின் ரேகையும் தனித்தது என்பதோ, அது ஆயுள் முழுவதும் மாறாதது என்பதோ அன்று அவருக்குத் தெரியாது. சிப்பாய்க் கிளர்ச்சி முடிந்தும் முடியாமலும் இருந்த காலம் அது. ஆள்வோர் ஆளப்படுவோரின் சொல்லையும் கையெழுத்தையும் நம்ப மறுத்த காலம். அறிவியல் பின்னால்தான் வந்தது. முதலில் வந்தது அவநம்பிக்கை.

இன்று வங்கிக் கணக்கு மோசடி, அட்டை மோசடி, அடையாளத் திருட்டு என்ற பெயர்களில் பேசப்படும் சிக்கலை விளங்கிக்கொள்ள இந்தத் தொடக்கம் உதவும். ஓர் அடையாளக் குறி யாரை யாரிடமிருந்து காப்பதற்காக உருவாக்கப்பட்டது என்பது அதன் பிற்காலப் பயன்பாட்டிலும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

சொற்களும் இதற்குச் சாட்சி. பாரசீகத்தின் ‘தஸ்தகத்’ என்பதும் தமிழின் ‘கையெழுத்து’ என்பதும் ஒரே அமைப்புடையவை: கை, எழுத்து. இரண்டிலும் செய்பவரின் செயல் உண்டு. வங்காளியில் விரல்நுனியால் ஒற்றும் அடையாளத்துக்கு ‘டிப்சய்’ என்று பெயர். அதன் பின்பகுதி ‘சரியானது, மெய்யானது’ என்று பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்தது. ஹெர்ஷலுக்கு முன்பே வழக்கிலிருந்த அந்த ஒற்றுதலில் ரேகையை யாரும் பார்த்ததில்லை. ஒற்றியவர் சபையறிய ஒற்றினார் என்பதே அதன் மதிப்பு. சாட்சிகள் இருந்தனர், ஒப்புதல் இருந்தது. ரேகை நிர்வாகத்துக்குள் வந்தபின் சாட்சிக்கும் ஒப்புதலுக்கும் இருந்த இடம் மெல்லச் சுருங்கியது. இந்தியில் ‘அங்கூட்டா சாப்’ என்பதும் தமிழில் ‘கைநாட்டு’ என்பதும் எழுத்தறியாதவரைக் குறிக்கும் ஏளனச் சொற்களாயின. முதல் கைப்பதிவைத் தந்தவர் எழுதத் தெரிந்தவர் என்பதை எண்ணினால், இந்த ஏளனம் எவ்வளவு பிற்பட்டது என்பது தெரியும்.

1877-இல் ஹெர்ஷல் ஹூக்ளி மாவட்டத்தின் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது இம்முறையை மூன்று இடங்களில் முறைப்படி நடைமுறைப்படுத்தினார். ஓய்வூதியம் பெறுவோரிடம் விரல்ரேகை வாங்கப்பட்டது. இறந்தவரின் பெயரில் வேறொருவர் வந்து பணம் பெறுவதைத் தடுப்பது நோக்கம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வாங்கப்பட்டது. எழுதிக் கொடுத்தவர் பின்னர் மறுப்பதையும், ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் வந்து எழுதிக் கொடுப்பதையும் தடுப்பது நோக்கம். சிறையிலும் வாங்கப்பட்டது, தண்டனை பெற்றவருக்குப் பதிலாகக் கூலிக்கு வேறொருவர் சிறை செல்வதைத் தடுப்பது நோக்கம். மூன்றிலும் ஏமாறக்கூடியவராகக் கருதப்பட்டது அலுவலகம். ஏமாற்றக்கூடியவராகக் கருதப்பட்டது எதிரில் நின்ற மனிதர். முறையை விரிவாக்கும்படி அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் ஹெர்ஷல் எழுதிய கடிதத்துக்கு மேலிடத்தில் ஊக்கம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் இந்தியாவை விட்டுப் போனார்.

பின் நடந்தவை பரவலாகத் தெரிந்தவை. 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு நிறுவப்பட்டது. காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் பெயரால் உலகெங்கும் அறியப்படும் வகைப்பாட்டு முறைக்குக் கணக்கு வகுத்துக் கொடுத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்திய அலுவலர்கள். 1899-இல் இந்தியச் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு, ரேகை வல்லுநரின் கருத்து நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கதாயிற்று. அதற்குச் சற்று முன் ஜல்பைகுரித் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்ட வழக்கில், அவருடைய பெட்டியிலிருந்த வங்காளப் பஞ்சாங்கத்தில் கட்டைவிரல் தடம் ஒன்று கிடைத்தது. தடத்துக்கு உரியவர் திருட்டுக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார். கொலைக் குற்றத்துக்குத் தண்டிக்கப்படவில்லை. அந்த நீதிமன்றத்தின் நிதானம் வியப்பூட்டுவது. விரல் இங்கே பட்டது என்று தடம் சொல்கிறது. அந்த விரலுக்கு உரியவர் என்ன செய்தார், எதற்கு இசைந்தார் என்று சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை 19-ஆம் நூற்றாண்டின் நீதிமன்றம் அறிந்திருந்தது. 21-ஆம் நூற்றாண்டின் பணப்பட்டுவாடா இயந்திரம் அறியவில்லை.

சட்டத்தின் மொழியிலும் இதே சாய்வைக் காணலாம். 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 416-ஆம் பிரிவு ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதலைக் குற்றமாக்கியது. யாருடைய பெயரில் மாறாட்டம் நடந்ததோ அவர் உண்மையான மனிதராகவோ கற்பனை மனிதராகவோ இருக்கலாம் என்று அப்பிரிவே விளக்கம் தருகிறது. அதாவது, பெயரைப் பறிகொடுத்தவர் இருக்கவேண்டிய தேவைகூட இல்லை, ஏமாந்தவர்தான் பாதிக்கப்பட்டவர். பறிகொடுத்தவரைச் சட்டம் கண்ணெடுத்துப் பார்ப்பதற்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, பிறருடைய மின்னொப்பத்தையோ கடவுச்சொல்லையோ வேறு தனித்த அடையாளக் கூறையோ வஞ்சகமாகப் பயன்படுத்துவதை மூன்றாண்டுச் சிறைத் தண்டனைக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றமாக்கியது. ‘ஆள்மாறாட்டம்’ என்ற பழைய சொல்லில் இரண்டு பேர்தான் உண்டு: மாறியவர், ஏமாந்தவர். ‘அடையாளத் திருட்டு’ என்ற புதிய சொல், மொழிபெயர்ப்பு வாடை அடித்தாலும், மூன்றாம் மனிதரை உள்ளே கொண்டுவருகிறது: உடைமையை இழந்தவர்.

வங்கி அட்டைகளின் வரலாறு இதற்கு இணையாக ஓடி, வேறிடத்தில் போய்ச் சேர்ந்தது. காந்தப்பட்டை அட்டை ஒருவகையில் விரலைப் போன்றது: ஒவ்வொரு முறையும் ஒரே செய்தியைத்தான் சொல்லும். ஏடிஎம் வாயில் பொருத்திய ஸ்கிம்மர் கருவி அதை ஒருமுறை படித்துவிட்டால் போதும், நகல் அட்டை தயார். சில்லு அட்டையோ ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய மறைக்குறி ஒன்றை உண்டாக்கித் தருகிறது. நேற்றையதைத் திருடினால் இன்று பயனில்லை. 2009 ஆகஸ்ட் முதல் இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்கு இரண்டாம் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. 2016-இல் ஏறத்தாழ 32 லட்சம் டெபிட் அட்டைகளின் விவரங்கள் கசிந்ததாக ஐயம் எழுந்தபோது, வங்கிகள் அட்டைகளை முடக்கி வேறு அட்டை அனுப்பின; பின் எண்ணை மாற்றச் சொல்லின. காந்தப்பட்டை மட்டுமே கொண்ட அட்டைகளை மாற்றித் தர 2018 டிசம்பர் இறுதி வரை கெடு விதிக்கப்பட்டது. 2022 அக்டோபர் முதல், வணிக இணையதளங்கள் அட்டை எண்ணையே சேமித்து வைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக ‘டோக்கன்’ எனப்படும் மாற்று எண்ணைத்தான் வைத்துக்கொள்ளலாம். இந்த வரலாறு முழுவதும் ஒரே திசையில் நகர்கிறது: திருடப்படக்கூடியது எதுவோ அது மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும்.

அட்டை இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அட்டையே இல்லாத கிராமத்துக் கணக்குகளுக்கு விரல் திரும்பி வந்தது. ஆதார்வழிப் பணப்பட்டுவாடா முறையில் வாடிக்கையாளர் வங்கியின் பெயரையும் ஆதார் எண்ணையும் சொல்லி, வங்கி முகவரின் கருவியில் விரலை வைத்தால் பணம் கிடைக்கும். பின் எண் வேண்டா, ஓடிபி வேண்டா, கைப்பேசி வேண்டா. வங்கிக் கிளை இல்லாத ஊர்களுக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. மூதாட்டி ஒருவர் தம் ஓய்வூதியத்தைத் தம் தெருவிலேயே பெற முடிகிறது. ஆனால் அந்த விரலின் நகல் ஏற்கெனவே ஓரிடத்தில் இருந்தது.

2001-இல் திருத்தப்பட்ட பதிவுச் சட்டத்தின் 32ஏ பிரிவு, பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுவருபவர் தம் ஒளிப்படத்தையும் விரல்ரேகையையும் அதில் பதிக்க வேண்டும் என்கிறது. ஹூக்ளியில் ஹெர்ஷல் கண்ட கனவு நாடெங்கும் நனவான தருணம் அது. பின்னர்ப் பத்திரங்கள் எண்ணிமப்படுத்தப்பட்டன. பல மாநிலங்களில் அவற்றின் படிகளை இணையதளத்தில் யாரும் எடுத்துக்கொள்ள முடிந்தது. ஒரே தாளில் பெயர், முகவரி, சில வேளைகளில் ஆதார் எண், கூடவே தெளிவான ரேகை. 2018-இல் தெலங்கானாவில் சிம் அட்டை விற்பனையாளர் ஒருவர், பதிவுத்துறைத் தளத்திலிருந்து எடுத்த பத்திரங்களிலிருந்த ரேகைகளை ரப்பர் முத்திரை செய்யும் முறையில் வார்த்து, அவற்றைக் கொண்டு ஆயிரக்கணக்கான சிம் அட்டைகளை இயக்கியது வெளிவந்தது. விற்பனை இலக்கை எட்டுவதே அவருடைய நோக்கம் எனப்பட்டது; அவ்வளவு எளிய பேராசைக்கே வழி அவ்வளவு திறந்திருந்தது. 2023-இல் மேற்கு வங்காளத்தில் பலருடைய கணக்குகளிலிருந்து அவர்கள் அறியாமல் ஆதார்வழியில் பணம் எடுக்கப்பட்டபோதும், பதிவுத்துறைத் தளத்தில் கிடைத்த நிலப் பத்திரங்களே ரேகைகளின் ஊற்றாக இருந்தன எனப் புலனாய்வு சுட்டியது. பத்திரத்தில் ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதற்காக வங்காளத்தில் தொடங்கிய ரேகைப்பதிவு, ஏறத்தாழ 146 ஆண்டுகளுக்குப் பின் அதே வங்காளத்தில், அதே பத்திரத்திலிருந்து ஆள்மாறாட்டத்துக்கு அச்சாயிற்று.

இவ்வகைத் திருட்டில் பணத்தை இழப்பதைவிடக் கொடிது, இழந்தவர் அதை மறுக்க இயலாமற்போவது. ‘நான் எடுக்கவில்லை’ என்று ஒருவர் வங்கியில் சொல்லும்போது, ‘உங்கள் விரல்தானே பதிந்திருக்கிறது’ என்ற பதில் வருமானால், கோனாயைத் தடுத்த அதே கை அங்கே மறுபடியும் நீள்கிறது. இந்த இடத்தில்தான் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை வரலாற்று முக்கியத்துவம் பெறுகிறது. மின்னணுப் பரிவர்த்தனையில் தவறு வங்கியுடையதும் இல்லாமல் வாடிக்கையாளருடையதும் இல்லாமல் வேறெங்கோ நேர்ந்திருந்தால், வங்கியின் அறிவிப்பு வந்த மூன்று வேலைநாள்களுக்குள் முறையிடுபவருக்கு இழப்பு எதுவும் இல்லை. நான்கு முதல் ஏழு நாள்கள் என்றால் அவர் ஏற்கவேண்டிய தொகைக்கு வரம்பு உண்டு. தவறு வங்கியுடையதாயின் இந்தக் கெடுவும் பொருட்டன்று. வாடிக்கையாளர்தாம் பொறுப்பு என்று மெய்ப்பிக்கும் சுமை வங்கியின்மேல் உள்ளது என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஹெர்ஷல் மறுப்புரிமையைப் பறித்தார் என்றால், இந்த வாக்கியம் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. முறையீடு செய்யத் தேசியச் சைபர் குற்ற உதவி எண் 1930 இருக்கிறது. பணம் பல கணக்குகளுக்குச் சிதறுவதற்குள் முடக்க வேண்டும் என்பதால் அங்கே நாள்களைவிட மணிநேரங்களே கணக்கு. இவை எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனை, பணம் போனதை அறிவது. கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வராத கணக்கில், வங்கிப் புத்தகத்தை அடுத்த முறை அச்சிடும்போதுதான் திருட்டே தெரியவருகிறது.

அட்டை வைத்திருப்போருக்குத் தற்காப்பு ஓரளவு எளிது. 2020-இல் ரிசர்வ் வங்கி விதித்தபடி, இணையப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு ஆகியவற்றை வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடும் வசதி ஒவ்வோர் அட்டைக்கும் உண்டு; தொகை வரம்பையும் தாமே குறைத்துக்கொள்ளலாம். ஆதாரின் நகலைக் கேட்ட இடத்திலெல்லாம் கொடுக்காமல், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் படியைத் தரலாம். (2022 மே மாதத்தில் ஆதார் ஆணையத்தின் அலுவலகம் ஒன்றே இதை அறிவுறுத்தி அறிக்கை வெளியிட, அது தவறாகப் பொருள்கொள்ளப்படலாம் என்று கூறி இரண்டே நாள்களில் அரசு திரும்பப் பெற்றது தனி நாடகம்.) விரலை மாற்ற முடியாது என்பதால், அதைப் பூட்டுவதே எஞ்சிய வழி. ஆதார் ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ உடற்கூற்று அடையாளங்களைப் பூட்டிவிட்டால், வார்த்தெடுத்த போலி விரல் எதுவும் செல்லாது. தேவைப்படும்போது சில நிமிடங்களுக்கு மட்டும் திறந்துகொள்ளலாம்.

ஆயினும் பூட்டிய விரலுக்கு நியாயவிலைக் கடையில் அரிசி கிடைக்காது. 2014-இல் தொடங்கிய ‘ஜீவன் பிரமாண்’ திட்டத்தின்கீழ், தாம் இன்னும் உயிரோடிருப்பதை விரல் வைத்து மெய்ப்பிக்க ஆண்டுதோறும் வரும் ஓய்வூதியர், ஹூக்ளி அலுவலகத்தில் 1877-இல் நின்ற அதே வரிசையில்தான் நிற்கிறார். அவரும் அதைத் திறந்தாக வேண்டும். பூட்டவும் திறக்கவும் ஆதாருடன் இணைக்கப்பட்ட கைப்பேசி எண்ணுக்கு ஓடிபி வர வேண்டும். கைப்பேசி இல்லாதவர்களுக்காகத்தான் விரல் போதும் என்ற முறையே கொண்டுவரப்பட்டது.