குப்தர் காலத்தில் இந்து சமய எழுச்சியும் சமஸ்கிருத இலக்கியமும்

கி.பி. 4 முதல் 6ஆம் நூற்றாண்டு வரை வட இந்தியாவை ஆண்ட குப்தர்களின் காலத்தில், வேள்வியை மையமாகக் கொண்ட வைதிக சமயம் கோயிலும் புராணமும் சார்ந்த வழிபாடாக விரிந்தது. சமஸ்கிருதம் அரசவையின் மொழியாகவும் காவிய மொழியாகவும் ஓங்கியது.

பின்னணி

இந்த மாற்றம் முழுவதையும் குஜராத்தில் ஜூனாகத் அருகேயுள்ள ஒரே பாறையில் காணலாம். அதில் அசோகர் தம் ஆணைகளைப் பிராகிருதத்தில் பொறித்தார். கி.பி. 150ஐ ஒட்டி, சுதர்சன ஏரிக்கரையைச் செப்பனிட்ட செய்தியைச் சத்திரப மன்னர் உருத்திரதாமன் சமஸ்கிருதத்தில் வெட்டுவித்தார். 5ஆம் நூற்றாண்டில் அதே கரை மீண்டும் உடைந்து செப்பனிடப்பட்டதையும், அங்கே திருமாலுக்குக் கோயில் எழுந்ததையும் ஸ்கந்தகுப்தர் காலத்துச் சமஸ்கிருதக் கல்வெட்டு கூறுகிறது. உருத்திரதாமனின் கல்வெட்டு காட்டுவதுபோல, எழுச்சியின் வித்து குப்தர்களுக்கு முன்பே ஊன்றப்பட்டுவிட்டது.

சமயம்

சமுத்திரகுப்தர் அசுவமேத வேள்வி நடத்திப் பொற்காசு வெளியிட்டார். இரண்டாம் சந்திரகுப்தர் 'பரமபாகவதர்' எனும் பட்டம் பூண்டார். விதிஷாவை அடுத்த உதயகிரிக் குகையில் பூமிதேவியைத் தாங்கி நிற்கும் பேருருவ வராகரும், தேவ்கட் தசாவதாரக் கோயிலும் இக்காலக் கலையின் சிகரங்கள். புராணங்கள் பலவும் இக்காலத்தையொட்டியே இன்றைய வடிவத்தை நெருங்கின.

இலக்கியம்

காளிதாசர் இக்காலத்தவர் என்பதே பெரும்பான்மை ஆய்வாளர் கருத்து. 'சாகுந்தலம்', 'மேகதூதம்', 'ரகுவம்சம்' ஆகியவை அவர் படைப்புகள். அவருடைய நாடகங்களில் அரசன் சமஸ்கிருதத்திலும், பெண்களும் எளிய மாந்தரும் பிராகிருதத்திலும் பேசுவர். அமரசிம்மரின் 'அமரகோசம்' நிகண்டுகளில் புகழ்பெற்றது. 499இல் ஆரியபட்டர் கணிதத்தையும் வானியலையும் செய்யுளில் வடித்தார். மந்தசோரில் சூரியன் கோயில் கட்டிய பட்டு நெசவாளர் குழு, தம் கொடையை வத்சபட்டியைக் கொண்டு சமஸ்கிருதக் கவிதையாகப் பாடுவித்தது. அரண்மனைக்கு வெளியேயும் அம்மொழிக்கு மதிப்பு இருந்ததை இது காட்டுகிறது.

மதிப்பீடு

பௌத்தமும் சமணமும் இக்காலத்தில் மறைந்துவிடவில்லை. நாளந்தா மகாவிகாரை வளர்ந்ததும் குப்தர் ஆட்சியில்தான். வைதிக சமயமும் கோயிலும் புராணமும் சார்ந்த புதிய வடிவம் பெற்றதால், இந்த எழுச்சியைப் பழமையின் மீட்சி என்பதைவிடப் புதிய ஆக்கம் என்பதே பொருந்தும். தெற்கிலும் இதே போக்கு தெரிகிறது. ஹரிசேனர் இயற்றிய அலகாபாத் தூண் கல்வெட்டு, சமுத்திரகுப்தர் வென்ற தென்னக மன்னர்களுள் காஞ்சி விஷ்ணுகோபனைக் குறிப்பிடுகிறது. தொடக்கத்தில் பிராகிருதத்தில் செப்பேடு வெளியிட்ட, விஷ்ணுகோபனின் மரபினரான பல்லவர்களும் பின்னர்ச் சமஸ்கிருதத்துக்கு மாறினர்.