தம்பிக்குக் கடற்கரை, ராத்தாவுக்கு வளவு

கிழக்கிலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர்ப் பக்கத்தில் சிறு வயதில் ராத்தாவும் தம்பியும் ஒன்றாகத்தான் ஓடித் திரிகிறார்கள். அவள் வயதுக்கு வந்ததும் வழி பிரிகிறது. அஸர் தொழுத கையோடு பையன்கள் கடற்கரை மணலில் இறங்கி மஃரிப் பாங்கு வரை பந்தடிக்கிறார்கள். குமர்ப்பிள்ளைக்கு அந்த நேரம் டியூஷன், இல்லையென்றால் குசினி.

உலகத்திலும் இந்த வித்தியாசம் உண்டு. 11 முதல் 17 வயது வரையான மாணவர்களைப் பற்றி 146 நாடுகளின் தரவுகளை உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்தது. 2016இல் நாளுக்கு ஒரு மணி நேர உடலசைவு கிடைக்காதவர்கள் பையன்களில் 77.6 வீதம், பெண்பிள்ளைகளில் 84.7 வீதம். பையன்களின் கணக்கும் நல்ல கணக்கல்ல.

ஆனால் நம் கரையோரப் பெண்பிள்ளையின் நிலைக்கு இந்த மண்ணுக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. இங்கே மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். உம்மாவின் வளவு மகள்மாருக்காகத் துண்டு துண்டாகிறது. 2004 சுனாமிக்குப் பின் கடலோரக் காணிகளில் வீடு கட்டுவது மட்டுப்பட, ஊர் இன்னும் நெருங்கியது. வேலிக்குள்ளேயே கிளித்தட்டு விளையாட இருந்த இடத்தில் இப்போது சுவர் நிற்கிறது. வெளியே போகாமலே அவள் ஓடக்கூடியதாக இருந்த ஒரே இடம் அந்த முற்றந்தான். அவளைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம்.

சாப்பாட்டில் நிலைமை வேறு. கொத்து, ரோல்ஸ், சோடா என்று தம்பியின் பசி இரவில் கடைத்தெருவில் ஆறுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானத்துக்கு இலங்கையில் 2016இலிருந்து சிவப்பு அடையாளம் உண்டு. அதைப் பார்த்து வாங்கும் பையன் அரிது. ராத்தா வீட்டுச் சோறு தின்றாலும், காலையில் வெறுந்தேநீரோடு பள்ளிக்கூடம் போய்விடுகிறாள். மாதவிடாயால் இரும்புச்சத்து அவளுக்குத்தான் கூடுதலாக வேண்டும்: அமெரிக்கப் பரிந்துரைப்படி 14 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 15 மில்லிகிராம், ஆணுக்கு 11. பெரிய மீன் துண்டு ஆண்பிள்ளைக்கு என்று ஒதுக்கும் உம்மாமார் இதை யோசிக்க வேண்டும். சோறு தின்ற கையோடு குடிக்கும் தேநீர் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கிறது என்பதையும்.

எடையைப் பற்றிய பேச்சுத்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. பருவ வயதில் பெண்ணுடலில் கொழுப்பும் ஆணுடலில் தசையும் கூடுவது இயற்கை. வளர்ச்சி அட்டவணைகளே இருபாலாருக்கும் தனித்தனி. தடித்த பையனை "நல்லா வளர்றான்" என்கிறோம். அவளைப் பார்த்து "பெருத்துட்டா" என்கிறோம். அவள் இராச்சாப்பாட்டை விட்டுவிடுகிறாள். மெலிவதற்கு அது வழியல்ல, சோகைக்கு வழி.

தரம் 10இல் உடற்கல்வி விருப்பப் பாடமாகிவிடுகிறது. அதை எடுக்காத பிள்ளைக்கு அந்தச் சிறு அசைவும் போய்விடும். சவூதி அரேபியாவே 2017இல் பெண்கள் அரச பாடசாலைகளில் உடற்கல்வியைத் தொடங்கிவிட்டது. கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி போன்ற பெண்கள் பாடசாலைகள் நம்மிடம் இருக்கின்றன. பாடசாலைச் சமூகமும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சேர்ந்து, பெண் பயிற்சியாளரோடு, அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் அவற்றின் மைதானங்களைக் குமர்ப்பிள்ளைகளுக்குத் திறந்து கொடுங்கள். உம்மாமாரும் கூட வரட்டும்.