கச்சாப் புரதம்: தீவன மூட்டையில் ஓர் எண்ணின் வரலாறு

கோழித் தீவன மூட்டையில் கச்சாப் புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் என்று அச்சிடப்படும் பகுப்பு, ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரை அடுத்த வேண்டே ஆய்வு நிலையத்தில் 1860களில் உருவானது. ஹென்னபெர்க், ஸ்டோமான் ஆகியோர் அதை வகுத்தனர்.

புரதத்தை அளக்கும் வழி பின்னர் வந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் பணியாற்றிய யோகான் கெல்டால், தானியத்தைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து நைட்ரஜனை அளக்கும் முறையை 1883இல் வெளியிட்டார். புரதத்தில் நைட்ரஜன் ஏறத்தாழ 16 விழுக்காடு. ஆகவே கிடைத்த அளவை 6.25ஆல் பெருக்கிப் புரதம் எனக் கொண்டனர். மூட்டையில் உள்ள எண் நேரடியாக அளந்த புரதம் அன்று. 'கச்சா' என்ற அடைமொழி அதைத்தான் சொல்கிறது, பலரும் கவனிப்பதில்லை.

யூரியாவின் நைட்ரஜனும் இக்கணக்கில் புரதமாகிவிடும். மாட்டின் வயிற்று நுண்ணுயிரிகள் அதைப் புரதமாக்கும்; கோழிக்கு அது பயன்படாது. 2007இல் அமெரிக்காவில், இறக்குமதியான செல்லப்பிராணி உணவு மூலப்பொருளில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் கலந்திருந்தது தெரியவந்தது. மீந்த அவ்வுணவு கோழித் தீவனத்திலும் சேர்ந்திருந்தது.

வேண்டே பகுப்பில் உயிர்ச்சத்துக்கு இடமில்லை. 1890களில் ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும் தவிடு நீக்காத அரிசியால் தேறுவதையும் கண்டார். 1929இல் நோபல் பரிசு பெற்றார்.

புறக்கடையில் குஞ்சுக்கும் முட்டைக்கோழிக்கும் ஒரே மூட்டையை அவிழ்ப்பவர்கள் புரதத்தைவிடக் கால்சியம் வரியை முதலில் பார்ப்பது நல்லது. முட்டைக்கோழித் தீவனத்தில் அது 3.5 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். குஞ்சுக்குச் சுமார் 1 போதும். மிகுந்தால் குஞ்சின் சிறுநீரகம் கெடும்.